கொடுத்தசொல் காப்போன்: நூற்பாவும் உரையும்

இறந்தோர் எண்ணி எழுந்த பட்டியல்
விலைசொலும் போழ்தே வேறாய் நிற்கும்;
இடருளார் விரைவர், இடரிலார் அகல்வர்;
காப்புற்ற பின்னர்க் கருத்து நெகிழும்;
வட்டியும் விலைவாசி மாற்றமும் மாந்தர்
உள்ளமும் ஒருநிலை நில்லா ஆதலின்
கொடுத்தசொல் காப்போன் பொருளியல்
கற்றபின் எழுதுக காப்பின் விலையே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், ஆக்சுவரிக் கல்வியை முதுநிலையிற் பயில்வார்க்குப் பொருளியல் இன்றியமையாதாம் ஆற்றை உணர்த்துதல் நுதலிற்று.

நிகழ்தகவும் புள்ளியியலும் கைவந்த கற்போர்க்குப் பொருளியல் ஓர் இடைச்செருகல் போலத் தோன்றுதல் இயல்பு. பிரித்தானிய ஆக்சுவரி நிறுவனமும் இந்திய ஆக்சுவரி நிறுவனமும் வணிகப் பொருளியலைச் சிபி2 எனும் தாளாக வைத்துள்ளன. 2019-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்திற்கு முன் அது சிடி7 எனப்பட்டது. வாய்பாடு குறைந்து சொல் மிகுந்த தாளாதலின், அதனைக் கடைசி மாதத்திற்கெனத் தள்ளிவைப்போர் பலர். அவர் மயக்கம் நீக்குதற்கு எழுந்தது இந்நூற்பா என்க.

இதன் பொழிப்பு: இறந்தவரை எண்ணி ஆக்கிய பட்டியலானது, காப்புக்கு விலை சொல்லிய அப்பொழுதே தன் நிலை மாறும், இடர் உடையார் வாங்க விரைவர், இல்லார் நீங்குவர், காப்புப் பெற்றபின் விழிப்புத் தளரும், வட்டியும் விலைவாசியும் மனமும் நிலையா, ஆகலான், கொடுத்த சொல்லைக் காக்கக் கடவோன் பொருளியல் கற்ற பின்னரே காப்பின் விலையை எழுதுவானாக.

இனிச் சொற்பொருள்.

'இறந்தோர் எண்ணி' என்பது இறந்தோரை எண்ணி என விரியும். இரண்டன் உருபு தொக்கது. எண்ணுவோன் வேறு, எழுந்த பட்டியல் வேறு ஆதலின், 'எண்ணி' என்னும் எச்சத்தை 'எண்ண' எனத் திரித்துக் கொள்க. 'எழுந்த' என்றார், பட்டியல் ஒருவரால் புனையப்படாது பிறப்பு இறப்புப் பதிவுகளினின்று தானே எழுதல் வேண்டும் என்பது தோன்ற. எட்மண்ட் ஹாலி 1693-இல் வெளியிட்ட ஆயுட்பட்டியல், பிரெஸ்லாவு நகரத்துப் பதிவுகளினின்று அவ்வாறு எழுந்தது. எண்ணப்பட்டோர் ஒரு நகரத்தார். காப்பு வாங்க வந்தோர் அல்லர். இவ்வேற்றுமையை நெஞ்சிற் கொண்டே அடுத்த அடியைப் படித்தல் வேண்டும்.

'விலைசொலும் போழ்தே' என்புழி ஏகாரம் தேற்றம். விலை சொல்லிச் சில்லாண்டு கழிந்தபின் அன்று. சொல்லும் அக்கணத்தே என்றவாறு. 'வேறாய் நிற்கும்' என்றாரல்லது 'பொய்யாகும்' என்றாரல்லர். பட்டியலில் உள்ள எண் பொய்யன்று. அஃது எவர்க்கு உரியது என்பதே மாறுகின்றது. விலை என்பது ஒரு வாயில். வாயிலைத் திறந்து வைத்தால் ஊரார் அனைவரும் ஒரே வீதத்தில் உட்புகுவர் என எண்ணுதல் கூடாது.

இதற்குச் சான்று இந்திய ஆக்சுவரிகள் கையாளும் பட்டியல்களிலேயே உண்டு. ஆயுள் காப்பு எடுத்தோர்க்கு 2012-14 என்னும் காலத்தைக் கொண்ட இறப்புப் பட்டியல் ஒன்று. ஆண்டுத்தொகை பெறுவோர்க்கு 2012-15 என்னும் காலத்தைக் கொண்ட பட்டியல் மற்றொன்று. நாடு ஒன்று, காலமும் ஏறத்தாழ ஒன்று. பட்டியல் மட்டும் ஏன் இரண்டு? இறந்தால் பணம் என்னும் வாயில் வழியே புகுவோரும், வாழுங்காறும் பணம் என்னும் வாயில் வழியே புகுவோரும் ஒரு தன்மையர் அல்லர் ஆதலின். ஆண்டுத்தொகை வாங்குவோர் தம் உடல்நலத்தை நம்பி வாங்குவோர், நெடிது வாழ்வோர். இவ்விரு பட்டியலையும் அருகருகே விரித்து ஒருமுறை நோக்கியவர்க்கு இவ்வடியின் பொருள் எந்நாளும் மறவாது.

'இடருளார் விரைவர், இடரிலார் அகல்வர்' என்றது, வேறாய் நிற்கும் வகை யாங்ஙனம் எனின், அதற்கு விடை. 'இடர்' என்றது ஈண்டுத் துன்பத்தை அன்று; நிறுவனம் எந்நிகழ்ச்சிக்காகப் பணம் கொடுக்க வேண்டுமோ அந்நிகழ்ச்சி நேரும் வாய்ப்பை. ஆயுள் காப்பில் விரைந்து இறத்தல் இடர். ஆண்டுத்தொகையில் நெடிது வாழ்தலே இடர். 'விரைவர்' என்னும் சொல் விருப்பத்தின் மிகுதியைக் காட்டிற்று. 'அகல்வர்' என்றது ஒருங்கே ஓடுதலை உணர்த்தாது, ஓரத்தில் நிற்போர் ஒருவர்பின் ஒருவராக விலகுதலை உணர்த்திற்று. இவ்வொரு சொல்லிலே பொருளியலின் விளிம்புநிலைக் கோட்பாடு முழுவதும் அடங்கும் ஆதலின், இதனைச் சற்று விரித்து உரைத்தல் கடன்.

ஐவர் உளர் எனக் கொள்க. அவர்தம் ஓராண்டு மருத்துவச் செலவின் எதிர்பார்ப்பு முறையே ரூ. 2,000, 4,000, 6,000, 8,000, 10,000. ஒவ்வொருவரும் தத்தம் எதிர்பார்ப்புச் செலவினும் ரூ. 500 கூடுதலாகக் கொடுத்துக் காப்புப் பெற விரும்புவர். அஃது அச்சம் நீங்குதற்கு அவர் தரும் விலை. தம் நிலையைத் தாம் அறிவர். நிறுவனமோ ஐவரையும் வேறு பிரித்து அறியாது. கணிப்போன் கூட்டிச் சராசரி கண்டு விலை ரூ. 6,000 என எழுதுகின்றான். கணக்கிற் பிழை இல்லை. ஆயினும் 2,500-க்கு மேல் கொடாத முதலாமவரும், 4,500-க்கு மேல் கொடாத இரண்டாமவரும் அகல்வர். எஞ்சிய மூவர்க்குச் சராசரி 8,000. அவ்விலை எழுத, 6,500 வரையே கொடுக்கும் மூன்றாமவர் அகல்வர். எஞ்சிய இருவர்க்குச் சராசரி 9,000. அதனையும் எழுத, 8,500 வரை கொடுக்கும் நான்காமவர் அகல்வர். விலை 10,000 ஆகும். 10,500 கொடுக்க இசையும் ஐந்தாமவர் ஒருவரே எஞ்சுவர்.

கற்போர் ஈண்டு இரண்டினை உற்றுநோக்குக. ஒன்று: படிதோறும் கணக்குச் சரியே, நேற்று வந்தோரை எண்ணி இன்று வருவோர்க்கு விலை சொன்னதே பிழை. மற்றொன்று: ஐவருள் எவரும் தம் செலவினும் மிகுதியாகக் கொடுக்க இசையாதார் அல்லர். ஆகவே ஐவர்க்கும் காப்பு விற்றிருப்பின் இருதரப்பார்க்கும் நன்மை. அந்நன்மையின் ஐந்து பங்கில் நான்கு அழிந்தது. அழித்தவர் ஒருவரும் இலர். தீயோர் இன்றியும் தீமை விளையும் இவ்வாறு, இறப்புப் பட்டியலை எத்துணை நாள் நோக்கினும் புலப்படாது. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நிறுவினார். 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்ளிட்ஸ் இருவரோடு நோபல் பரிசு பெற்றார்.

அற்றேல், இவ்விலகலைத் தடுக்கும் வழி யாது எனின், வழிகள் பல. லண்டனில் 1706-இல் தோன்றிய அமிக்கபிள் என்னும் சங்கம் வயது நோக்காது எல்லார்க்கும் ஒரே தொகை வாங்கிற்று. அதனால் வயது முதிர்ந்தாரை உள்ளே விடாது வாயிலை அடைக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு மறுக்கப்பட்ட கணித ஆசிரியர் ஜேம்ஸ் டாட்சன், வயதுக்கேற்ற விலையை வகுத்தார். அவர் 1757-இல் மறைந்த பின், அவர் வகுத்த நெறியிலேயே 1762-இல் ஈக்விட்டபிள் சங்கம் எழுந்தது. பகுத்தறிய இயலாத இடத்து வேறு சூழ்ச்சி வேண்டும். ராத்ஸ்சைல்டும் ஸ்டிக்ளிட்ஸும் 1976-இல் காட்டியவாறு, குறைந்த காப்பு குறைந்த விலைக்கும் நிறைந்த காப்பு நிறைந்த விலைக்கும் என இரண்டினை முன்வைத்தால், வாங்குவோர் தம் தெரிவினாலேயே தம்மைக் காட்டிக்கொள்வர். இந்திய மருத்துவக் காப்பில் முன்பே உள்ள நோய்க்கு வைக்கும் காத்திருப்புக் காலமும் இத்தகையதே. அதன் உச்சவரம்பு 2024-இல் 48 மாதத்தினின்று 36 மாதமாகக் குறைக்கப்பட்டது. குறைத்தது வாங்குவோர்க்கு நன்று. ஆயின் விரைவோர் தொகை அதனால் எவ்வளவு மாறும் எனக் கணிப்போன் மீண்டும் எண்ணுதல் வேண்டும். வேலை செய்வோர் அனைவர்க்கும் நிறுவனமே எடுக்கும் குழுக்காப்பில் இவ்விடர் மிகச் சிறிது. என்னை? அக்கூட்டம் வேலைக்கெனக் கூடியது; காப்புக்கெனக் கூடியதன்று.

'காப்புற்ற பின்னர்க் கருத்து நெகிழும்.' முன்னடி காப்புப் பெறுதற்கு முன் நிகழ்வதைக் கூறிற்று; இவ்வடி பெற்றபின் நிகழ்வதைக் கூறிற்று. தேர்வெழுதுவோர் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று மயக்குதல் பெருவழக்கு. 'பின்னர்' என்னும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டார்க்கு அம்மயக்கம் இல்லை. 'கருத்து' என்றது விழிப்பு, ஊன்றிய கவனம். 'நெகிழும்' என்ற சொல்லாட்சி பெரிதும் போற்றத்தக்கது. 'கெடும்' எனின் வஞ்சனை என்று பொருள்படும். காப்பு எடுத்தோர் எல்லாரும் ஏமாற்றுவோர் என்னும் இழிபொருள் வந்துவிடும். நெகிழ்தலாவது, கட்டிய முடிச்சுத் தானே தளர்தல். பூட்டிய கதவை மீண்டும் ஒருமுறை இழுத்துப் பாராதிருத்தல், சிறு காய்ச்சலுக்கும் பெரிய மருத்துவமனையை நாடுதல் போல்வன.

இந்நெகிழ்ச்சியை அளந்து கண்டோரும் உளர். அமெரிக்க ராண்ட் நிறுவனம் 1974 முதல் 1982 வரை குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்புத் திட்டங்களில் அமர்த்தி ஆராய்ந்தது. மருத்துவம் முற்றும் இலவயமாகப் பெற்றோரை நோக்க, ஓர் உச்சவரம்பு வரை செலவின் பெரும்பகுதியைத் தாமே ஏற்றோர் செலவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. இதனை மட்டும் படித்து நிறுத்துவோர் பொருளியலைப் பாதி கற்றோரே. அவ்வாய்வே மற்றொன்றும் காட்டிற்று: பெரும்பாலார் உடல்நலம் இதனால் வேறுபடவில்லை, ஆயின் வறியராய், உயர் இரத்த அழுத்தம் உடையராய் இருந்தார்க்கு இலவய மருத்துவத்தாலேயே நலம் மிகுந்தது. தன் பங்கு கொடுக்க நேர்ந்தவர் வேண்டாத மருத்துவத்தோடு வேண்டிய மருத்துவத்தையும் குறைத்துக் கொள்கின்றனர் என்பது இதனாற் பெறப்படும். வாங்குவோர் பங்கை எத்துணை வைப்பது என்று முடிவு செய்யும் கை, இவ்விரு பயனையும் ஒருங்கே அறிந்த கையாதல் வேண்டும்.

'வட்டியும் விலைவாசி மாற்றமும் மாந்தர் உள்ளமும்': உம்மை மூன்றும் எண்ணும்மை. 'ஏற்றம்' என்னாது 'மாற்றம்' என்றது, விலைவாசி ஏறுதலேயன்றி, ஏறாது நின்றுவிடுதலும் இறங்குதலும் அடங்குதற்கு. ஏறுதலே இடர் என்று எண்ணுவோர் ஜப்பானை நோக்குக. உயர்ந்த வட்டியை உறுதிசெய்து விற்ற ஆயுள் காப்பு நிறுவனங்கள், வட்டி வீழ்ந்து கிடந்த காலத்தில் அச்சுமையைத் தாங்கமாட்டாது, 1997 முதல் 2001 வரை ஏழு வீழ்ந்தன.

'ஒருநிலை நில்லா' என்பதற்கு மேலும் தெளிவான எடுத்துக்காட்டு, முன்னர்க் கூறிய ஈக்விட்டபிள் சங்கமே. 1957 முதல் 1988 வரை அச்சங்கம் விற்ற ஓய்வூதியப் பத்திரங்கள் பலவற்றுள், ஆண்டுத்தொகை இன்ன வீதத்திற் குறையாது என்னும் உறுதி இருந்தது. பிரிட்டனில் விலைவாசி ஏற்றம் 1975-இல் 25 விழுக்காட்டையும் தாண்டிற்று. இங்கிலாந்து வங்கியின் வட்டி 1979 நவம்பரில் 17 விழுக்காடாயிற்று. அத்தகைய நாளில் அவ்வுறுதி மதிப்பற்றதாகத் தோன்றிற்று. சந்தையே அதனினும் மிகுதியாகத் தந்தது. பின்னர்க் காலம் மாறிற்று. 1992 அக்டோபரில் பிரிட்டன் விலைவாசி ஏற்றத்திற்கு இலக்கு வைத்தது. 1997-இல் வட்டியை முடிவு செய்யும் உரிமை வங்கிக்கே தரப்பட்டது. விலைவாசி அடங்க வட்டி இறங்கிற்று. மக்களும் முன்னினும் நெடிது வாழலாயினர். மதிப்பற்றதாய்க் கிடந்த உறுதி மலைபோல் எழுந்தது. உறுதியைப் பயன்படுத்துவோர்க்கு இறுதி ஊக்கத்தொகையைக் குறைக்கச் சங்கம் முயன்றது. 2000 ஜூலையில் பிரபுக்கள் அவை அது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் சங்கம் புதிய வணிகத்திற்குக் கதவடைத்தது. உலகின் முதல் அறிவியல் முறை ஆயுள் காப்புச் சங்கம், இறந்தோரை எண்ணுதலில் எவர்க்கும் இளையாத சங்கம், வட்டியின் நிலையாமையால் தளர்ந்தது என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கின்றது. நடுவண் வங்கியின் கொள்கை அறிக்கை தனக்கு உரியதன்று என எண்ணும் ஆக்சுவரி மாணாக்கர், இதனை ஒருகால் அன்றிப் பலகால் படித்தல் வேண்டும்.

'மாந்தர் உள்ளம்' இறுதிக்கண் வைக்கப்பட்டது என்னை எனின், முன்னிரண்டும் அசையத் தானும் அசைவதாகலின். வெளியில் வட்டி ஏறினால், பத்திரம் வைத்திருப்போர் அதனைச் சரண்செய்து பணத்தை எடுத்துக்கொண்டு செல்வர். வட்டி இறங்கினால், உறுதி பெற்ற பத்திரத்தை எவரும் கைவிடார். நிறுவனத்திற்கு எப்போது எது தீதோ, அப்போது அதனையே செய்ய வாங்குவோர்க்குக் காரணம் உண்டு. ஆகலின் கைவிடும் வீதத்தையும் வட்டியையும் தொடர்பற்ற இரண்டாகக் கொண்டு கணித்தல் குற்றம். உள்ளம் இடரை எடைபோடும் முறையைத் தானியேல் பெர்னூலி 1738-இலும், கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலும் விளக்கினர். அவை பாடத்துள்ளே வருமாதலின் ஈண்டு விரிக்கப்படா. 'நில்லா' என்பது அஃறிணைப் பன்மை எதிர்மறை முற்று.

'ஆதலின்' என்னும் சொல் அண்மையிலுள்ள ஈரடிக்கே ஏதுவாகாது, மேலெல்லாவற்றையும் தழுவி நிற்கும். இஃது அறியாதார் பொருளியலைப் பேரினப் பகுதி மட்டுமே எனக் கொள்வர். ஆறடியும் ஏதுவாதலின் சிற்றினமும் பேரினமும் ஒருங்கே கொள்ளப்படும்.

'கொடுத்தசொல் காப்போன்.' ஆக்சுவரி என்னும் சொல் நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் எழுத்தரைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. காப்புத் தொழிலில் அப்பெயரை முதலில் வழங்கியது ஈக்விட்டபிள் சங்கம். ஆசிரியர் எழுத்தன் என்றும் கூறாது, கணிப்போன் என்றும் கூறாது, 'கொடுத்தசொல் காப்போன்' என்றார். காப்பு நிறுவனம் விற்பது பொருளன்று, சொல். இன்று பணம் பெற்று முப்பது நாற்பது ஆண்டின் பின் கொடுப்பேன் என்னும் சொல். சொல்லியோன் அன்று இரான். வாங்கியோனும் சிலகால் இரான். அவன் மனைவி மக்கள் வந்து நிற்பர். அச்சொல்லைக் காத்தற்கே கணக்கு. தொழிலாற் பெயர் கூறாது கடமையாற் பெயர் கூறியது, கணக்கு வல்லோனாயிருத்தல் மட்டும் இந்நிலைக்குப் போதாது என்பது தோன்ற.

'பொருளியல்' என்பதன்கண் தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, செலவு, போட்டி வகை, வருமானச் சுழற்சி ஆகியன அடங்கும். இவற்றுள், விலைக்கேற்பத் தேவை மாறும் அளவாகிய நெகிழ்ச்சி குறித்து ஒன்று கூறாது செல்லலாகாது. விலை ஏறினால் எவர் விலகுவர், எவர் விலகார் என்பதை அது கற்பிக்கும். விலகாதார் எவர் எனத் தெரிந்தபின், அவர்க்கு மட்டும் ஆண்டுதோறும் விலையை ஏற்றலாம் என்னும் எண்ணமும் கூடவே பிறக்கும். பிரிட்டனில் வாகனக் காப்பிலும் வீட்டுக் காப்பிலும் அவ்வழக்கம் வேரூன்றிற்று. நெடுநாள் ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தோர் புதிதாய் வந்தோரினும் மிகுதியாகக் கொடுத்தனர். 2022 ஜனவரி முதல் நாள் தொட்டு நிதி நடத்தை ஆணையம் அதனைத் தடை செய்தது. பொருளியல் கற்பித்த அறிவே இதற்குக் கருவியாயிற்று என்பதை மறைத்தல் வேண்டா. அதனாலன்றோ ஆசிரியர் 'பொருளியல்' என்னும் சொல்லின் முன்னே, 'காப்போன்' என்னும் பெயரை நிறுத்தினார். காப்போன் கையில் அக்கருவி, எவர் விலகினால் எஞ்சினோர்க்குக் கேடு என அறிந்து அவரை நிறுத்தும் விலையைத் தேடும்.

'கற்றபின்' என்றது முறையை உணர்த்திற்று. விலை எழுதிக்கொண்டே கற்கலாம் எனின், கற்குங்காறும் எழுதிய விலைகள் நாற்பதாண்டு நிற்கும் ஆதலின், அது பொருந்தாது. 'எழுதுக' வியங்கோள் வினைமுற்று. மேலே 'விலைசொலும்' என்றவர் ஈண்டு 'எழுதுக' என்றது என்னை? சொல்லல் விற்போன் செயல். எழுதுதல், தன் பெயரிட்டு ஒழுங்காணையத்தின் முன் வைக்கும் ஆக்சுவரியின் செயல்.

'காப்பின் விலையே' என்புழி ஏகாரம் ஈற்றசை. ஈற்றடியின் இவ்விலையும் இரண்டாம் அடியின் விலையும் ஒன்றே. எழுதப்பட்டது மறுநாள் சொல்லப்படும். சொல்லும் போழ்தே பட்டியல் மீண்டும் வேறாய் நிற்கும். ஆகலின் இந்நூற்பாவை ஈற்றினின்று முதலுக்குத் திருப்பி ஓதுவதும் மரபாகக் கொள்க.